விரல்களைப் பற்றி எழுதாமல் போன கட்டுரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு சபைப் பத்திரிகை நடத்தும் நண்பர், வேதாகமத்தில் விரல்களும் கைகளும் என்ன பொருளில் வருகின்றன என்று நாலு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார். எருசலேமில் பத்தொன்பது வருடமாகக் குடியிருப்பவனுக்கு இதெல்லாம் கைவந்த சங்கதியாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நான் இங்கே பார்ப்பது வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. குளிப்பாட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், சக்கர நாற்காலி தள்ளுவேன். விரலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, நகம் வெட்டும்போது கிழவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள் என்பதுதான்.

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். சுவரில் எழுதிய விரல்கள். தரையில் எழுதிய விரல். பெருவிரல் வெட்டப்பட்ட ராஜாக்கள். ஆசாரியனாக அபிஷேகம் பண்ணும்போது வலது பெருவிரலில் பூசும் இரத்தம். யுத்தம் முடியும்வரை இருபுறமும் இருவர் தாங்கிப்பிடித்த மோசேயின் கைகள். பட்டியல் நன்றாகத்தான் வந்தது. கட்டுரைதான் வரவில்லை.

2

(வராமல் போன தொடக்கங்களை அப்படியே விட்டு வைக்கிறேன். எதை மறைத்தேன் என்று பின்னால் யாரும் கேட்கக் கூடாது.)

தொடக்கம் ஒன்று: கண் மங்கிய யாக்கோபு, பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் நேரத்தில் கைகளைக் குறுக்காக மாற்றி வைத்தான். வலது கை இளையவன் தலையில் இறங்கியது. அந்தச் சிறு அசைவில் ஒரு குலத்தின்—

போதும். பிரசங்க வாடை.

தொடக்கம் இரண்டு: விருந்து மண்டபத்துச் சுவரில் எழுதிய விரல்களுக்கு உடம்பு கிடையாது. எழுதுகிறவன் என்றால் அப்படித்தான்—

அட, என்னைப் பற்றியே பெருமை பேச ஆரம்பித்துவிட்டேனே. இதுவும் வேண்டாம்.

தொடக்கம் மூன்று: ரொட்டி வண்டி ஓட்டும் ஷபத்தாய், தினமும் காலையில் ஜெபத்துக்கு நடுவே எழுந்து வெளியே போனான்.

இது நின்றுவிட்டது. அடிக்க மனசு வரவில்லை. கட்டுரை அன்றைக்கே செத்துவிட்டது.

3

எங்கள் தெரு ஜெபக்கூடத்தில் ஸாகோ ஊரிலிருந்து வந்த குர்திஸ்தான் யூதர்கள்தான் அதிகம். அதிகம் என்றால் பன்னிரண்டு, பதிமூன்று பேர். பிள்ளைகள் எல்லாம் வேறு பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஸக்காய்க்கு எண்பத்தெட்டு வயது. என்னை "டேய் இந்தியா" என்றுதான் கூப்பிடுவார். விடிந்ததும் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவோரம் நிறுத்திவிட்டு, நான் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். சிகரெட் பிடிக்கிறேன் என்று பேர். நோட்டும் பேனாவும் சட்டைப்பையில் இருக்கும்.

அந்தக் கூடத்துக்கு ஒரே ஓர் ஆசாரியன்தான். ஆரோன் வம்சத்தில் வந்த ஷபத்தாய். மற்ற ஊர்களில் எப்படியோ, எருசலேமில் ஆசாரிய ஆசீர்வாதம் தினமும் உண்டு. நேரம் வந்ததும் அவன் முற்றத்துக் குழாயடிக்குப் போவான். லேவி குலத்தானான நஃப்தாலி அவன் கைகளில் தண்ணீர் ஊற்றுவார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து வைப்பான். விரல்களுக்கு நடுவே ஐந்து இடைவெளி. அந்த ஜன்னல்கள் வழியாகக் கடவுள் எட்டிப் பார்க்கிறார் என்பது இவர்கள் பேச்சு. அந்தக் கைகளை யாரும் பார்க்க மாட்டார்கள், முகத்தை மூடிக்கொள்வார்கள்.*

* முதல் வரைவில் ஷபத்தாயை நெட்டையாக எழுதியிருந்தேன். கைகள் நீளமாக இருந்தால் காட்சிக்கு நன்றாக இருக்குமே என்று. நிஜத்தில் ஆள் குள்ளம், விரல்கள் கட்டையானவை, நகத்தில் எப்போதும் மாவு. வெட்கமாகப் போய்விட்டது. குள்ளமாகவே விட்டுவிட்டேன்.

இருபத்துமூன்று வருடம் அந்த லேவியன் ஊற்றினார், இந்த ஆசாரியன் நீட்டினான். பஸ்காவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கடை வாசலில் தட்டுகளை இறக்கிவிட்டு ஷபத்தாய் வண்டியைப் பின்னால் எடுத்தான். தட்டிலிருந்து ஒரு ரொட்டி விழுந்து கிடந்திருக்கிறது. ரொட்டி தரையில் கிடந்தால் இந்தத் தெருவில் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். எடுத்து, துடைத்து, மதில்மேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நஃப்தாலி குனிந்தார். குனிந்தவரைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

ஷபத்தாய் இறங்கி ஓடிவந்து அவரை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை வைத்திருந்தான். வந்தவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை வாங்க வேண்டியிருந்தது. ஆசாரியர்கள் கல்லறைக்குள் போகக் கூடாது என்பதால் அடக்கத்தன்று வெளி வாசலிலேயே நின்றான். போலீஸ் விசாரித்து, அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

4

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், தாண்டிப் போய்விடாதீர்கள்.

நீங்கள் கைகளை விரிக்கும்போது நான் கண்ணை மறைத்துக்கொள்வேன், அந்தக் கைகளில் இரத்தம் இருக்கிறது என்று கடவுள் சொன்னதாக ஏசாயா ஓரிடத்தில் கோபப்படுகிறார். அதை வைத்துப் பெரியவர்கள் ஒரு சட்டம் கட்டினார்கள்: மனிதனைக் கொன்ற ஆசாரியன் ஆசீர்வதிக்கக் கை தூக்கக் கூடாது. கைத்தவறுதலாக நடந்திருந்தாலும் கூடாது. இன்னொரு சாரார், தவறுதலாக நடந்து, மனம் வருந்தினால் தூக்கலாம் என்றார்கள். எங்கள் தெரு ரப்பி இரண்டாவது கட்சி. துக்கம் ஏழு நாள் கழிந்ததும் ஷபத்தாயைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், தாராளமாகத் தூக்கு என்று சொல்லிவிட்டார்.

அவன் தலையாட்டினான். மறுநாள் காலை, அந்த நேரம் நெருங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டான். கூப்பிட்டும் மேடை ஏறாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது ஆசாரியனுக்குக் குற்றம், அதனால் வெளியேறிவிடுவது வழக்கம். இந்தப் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆசீர்வாத நேரம் தாண்டியும் அவன் உள்ளே திரும்பவில்லை. அன்று மட்டுமல்ல, ஒரு நாளும் திரும்பவில்லை.

இப்போது நஃப்தாலியின் மகன் ஹனான்யா. நாற்பது வயது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன், வீடு நகரத்துக்கு வெளியே. தகப்பனுக்காக மகன் பதினோரு மாதம் தினமும் கதீஷ் என்ற துதியைச் சொல்ல வேண்டும், கூடியிருப்பவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்பா ஜெபித்த இடத்திலேயே சொல்வேன் என்று அவன் பிடிவாதமாக இரண்டு பஸ் மாறி வந்தான். ஷபத்தாய் ரொட்டி இறக்கிவிட்டு மூச்சிரைக்க வந்து சேருவதற்குள் முதல் கதீஷ் முடிந்திருக்கும். கடைசிக் கதீஷ் வருவதற்குள் அவன் வெளியே போயிருப்பான்.

ஹனான்யா கணக்குப் போட்டுவிட்டான். ரப்பி அனுமதி கொடுத்தாயிற்று, பிறகு எதற்கு வெளியே போகிறான்? என் அப்பாவுக்கு ஓர் ஆமென் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை, அதற்காகத்தான் போகிறான்.

இந்த இடத்தில் எனக்கு ஷபத்தாய்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு வரக் கூடாத சந்தேகம். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, ஏன் வாயே திறக்கவில்லை? அவன் மனைவி ஹபீபா, வீட்டிலும் அப்படித்தான் என்றாள். சாப்பிடும்போதுகூடக் கையைப் பார்க்காமல் சாப்பிடுகிறாராம். மாவுருண்டை போட்ட குப்பே சூப்பில் கரண்டியை விட்டுவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

5

நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது.

வெளியே போன ஷபத்தாய் எங்கும் போகவில்லை. கூடத்தின் பின்சுவரில், தலைக்கு மேல் ஒரு ஜன்னல் உண்டு. அதற்குக் கீழே, குப்பைத்தொட்டிகளை ஒட்டி, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். உள்ளே ஹனான்யாவின் குரல் கேட்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் இவன் வெளியே நின்று ஆமென் சொல்வான். வாய்க்குள்ளே இல்லை, நன்றாகவே சொல்வான். உள்ளே இருப்பவர்களின் ஆமெனில் இவனுடையது அமுங்கிவிடும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும்.

முதல் மாதத்திலிருந்தே கேட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்றால், நல்ல காட்சி. கதைக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். நோட்டில் தேதி போட்டுக்கூட எழுதியிருக்கிறேன்.

[இந்தப் பத்தியை மூன்று தடவை நீக்கினேன். மூன்று தடவையும் திரும்பச் சேர்த்தேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.]

6

பனி பெய்த நாளுக்கு வருகிறேன். தை மாதக் குளிர், பஸ் பாதி ஓடவில்லை. அன்று கூடத்தில் சரியாகப் பத்துப் பேர். பத்து ஆண்கள் இருந்தால்தான் கதீஷ் சொல்லலாம். ஹனான்யா முழங்கால்வரை நனைந்து, நாலு மைல் நடந்து வந்திருந்தான்.

நேரம் நெருங்கியது. ஷபத்தாய் வழக்கம்போல எழுந்தான், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். எண்ணிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்பது பேர் ஆனார்கள்.

கடைசியில் ஹனான்யா எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தான். கூடத்துக் காரியஸ்தர் தெருவுக்கு ஓடி, கண்ணில் படுகிற யாரையாவது பிடிக்கப் பார்த்தார். நாய்கூட இல்லை. பனிக்காகக் கதவோரம் ஒதுங்கியிருந்த என்மேல் ஹனான்யாவின் பார்வை விழுந்து, தாண்டிப் போனது. யூதன் இல்லாத நான் அந்தப் பத்தில் சேர்த்தி இல்லை. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, கதீஷ் சொல்லாமலே புத்தகத்தை மூடினான்.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஷபத்தாய் ஜன்னலுக்குக் கீழே தோளெல்லாம் பனியோடு நின்றிருந்தான். உள்ளே குரல் எழும், ஆமென் சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சூப் ஊட்டும்போது ஸக்காய் சொன்னார், வெளியே நிற்பவன் ஜன்னல் வழியாக முகத்தைக் காட்டினாலே அவனும் பத்தில் ஒருத்தன் என்று சட்டம் இருக்கிறதாம். அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் பையனோட கதீஷ் போயிருக்காதே என்று வருத்தப்பட்டார். எனக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பதெல்லாம் சாக்கு. "ஒரு ஆள் குறையுது, உள்ள வாங்க" என்று சொல்ல எந்தச் சட்டமும் தெரிய வேண்டாம். அவன் எங்கே நிற்கிறான் என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

7

மறுநாள் முற்றத்துச் சேற்றில் ஹனான்யா ஷபத்தாயைப் பிடித்துக்கொண்டான். சுட்டுவிரல் அவன் மூக்குக்கு நேரே நீண்டது. விரல் நீட்டிப் பேசுவதை நிறுத்தினால்தான் உங்கள் ஜெபம் கேட்கப்படும் என்றும் அந்த ஏசாயா சொல்லியிருக்கிறார். என் பட்டியலில் பிற்பாடு சேர்த்தது. அப்போது அது என் நினைவுக்கு வந்ததையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.

"பத்து மாசமாப் பார்க்கறேன்," என்றான் ஹனான்யா. "எங்க அப்பா பேரைக் கேட்டாலே எழுந்து ஓடற. நேத்து எங்க அப்பாவை ரெண்டாவது தடவை..."

முடிக்கவில்லை. ஷபத்தாயின் கைகள் பைக்குள்ளேயே இருந்தன.

நான் சொன்னேன், "அவரு ஓடல. ஜன்னலுக்குக் கீழதான் நிக்கறாரு. தினமும் ஆமென் சொல்றாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கட்டுல உக்காந்திருப்பேன். கேக்கும்."

"எத்தனை நாளா?"

"மொதல் மாசத்துலேர்ந்து."

விரல் மெல்ல ஷபத்தாயை விட்டு என் பக்கம் திரும்பியது. பார்வை என் சட்டைப்பைக்கு இறங்கியது. நான் எழுதுகிறவன் என்பது தெருவுக்கே தெரியும்.

"எங்க அப்பா உனக்கு நோட்டுப் புஸ்தகமா?" என்று கேட்டான்.

இதற்கு நான் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். உருக்கமாக ஒன்று, கெட்டிக்காரத்தனமாக ஒன்று. அன்று நான் செய்தது, ஸக்காயின் நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதுதான்.

8

அதற்குப் பிறகும் ஷபத்தாய் வெளியேதான் போனான். ஆனால் கடைசிக் கதீஷ் நேரத்துக்கு யாரோ ஜன்னலைத் திறந்துவைத்தார்கள், அவன் ஒரு காலித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று முகத்தைக் காட்டினான். ஹனான்யா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு வாரம் இப்படி ஓடியது. நாளையிலிருந்து ஹனான்யாவுக்கு இங்கே வேலை இல்லை. இன்றோடு பதினோரு மாதம் முடிகிறது.

ஆக முடிவு இன்றைக்குள் வந்தாக வேண்டும். கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) ஷபத்தாய் மேடை ஏறுகிறான். கைகள் எழவில்லை. மோசேக்குச் செய்ததுபோல, ஹனான்யா ஒரு பக்கமும் காரியஸ்தர் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். எனக்குக் கூசுகிறது.

(ஆ) ஷபத்தாய் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் போகிறான். அங்கே அவன் ஆசாரியன் என்றே யாருக்கும் தெரியாது. இது நடக்கக்கூடியது. ஹபீபா சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டிருக்கிறாள் என்று கடைக்காரர் சொன்னார்.

(இ) இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பாளையங்கோட்டைக்கு இதுதான் வேண்டும். அவர்களுக்கு வேறு யாராவது எழுதட்டும்.

ஒரு காலத்தில், ஒரு பெண்ணைக் கல்லெறிய இழுத்துவந்த கூட்டத்துக்கு நடுவே ஒருவர் குனிந்து விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அங்கே படிக்கட்டில் என்னைப்போல ஒருத்தன் உட்கார்ந்திருக்கவில்லை போலிருக்கிறது. நல்ல காலம்.

9

இப்போது நடப்பது இது. இன்று படிக்கட்டுக்குப் போகாமல், கதவோரம் ஸக்காயின் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டே பார்க்கிறேன்.

நேரம் நெருங்குகிறது. ஷபத்தாய் எழுவதற்கு முன்பே ஹனான்யா எழுந்துவிட்டான். டீ போடும் மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜாடியை எடுத்துக்கொண்டு, குழாயடியில் விளிம்புவரை பிடிக்கிறான். லேவியனின் மகனும் லேவியன்தான். ஷபத்தாய் கதவைத் தாண்டி வருகிறான், ஜன்னல் பக்கம் திரும்பப் போகிறான். வழியில் ஹனான்யா நிற்கிறான்.

"கையை நீட்டுங்க," என்கிறான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மரியாதை.

"வேண்டாம் ஹனான்யா." ஷபத்தாய் ஓர் அடி பின்னால் வைக்கிறான். "இந்தக் கையாலதான் அவரைத் தூக்கினேன். என் கையிலதான்ப்பா அவர் உயிர் போச்சு."

"தெரியும். நான் அப்ப பக்கத்துல இல்ல. கடைசியா அப்பாவைப் பிடிச்சிருந்த கை இதுதான்." ஜாடியை இரண்டு கையாலும் தூக்குகிறான். "அதான் கேக்கறேன். நீட்டுங்க."

ஷபத்தாயின் கைகள் பைக்குள் இருக்கின்றன. பையின் துணி அசைகிறது. உள்ளே விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. உள்ளே கூடத்தில் பதினாறாவது வேண்டுதல் முடியப் போகிறது. பதினேழாவதில் ஆசாரியனின் கால் மேடையை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும், பிந்தினால் இன்றைக்கு ஆசீர்வாதம் இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் ஹனான்யா நாளைக்கு வர மாட்டான். ஜாடி கனம், தண்ணீர் விளிம்பைத் தாண்டிச் சொட்டுகிறது.

ஸக்காய் நாற்காலியில் திரும்பி, "டேய் இந்தியா, என்னடா நடக்குது அங்க?" என்கிறார்.

ஒன்று கண்ணில் படுகிறது. கை கழுவினால் துடைக்கத் துண்டு வேண்டும். ஹனான்யாவின் இரண்டு கையும் ஜாடியில் இருக்கின்றன. துண்டு என் பக்கத்தில், நாற்காலிப் பிடியில் தொங்குகிறது. முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். துண்டையும் பேனாவையும் ஒரே நேரத்தில் பிடிக்க எனக்கு வராது. ஏற்கெனவே ஒருமுறை, எழுந்து போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் அங்கே போகிறேன்.